எந்தப் பிரதி? கோவைத் திரைப்படங்களின் வட்டுப் பதிப்புகளும் மூலபாடச் சிக்கலும்

சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் எந்தப் பதிப்பிலிருந்து காட்டுகிறார் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்பது தமிழாய்வின் தொடக்கப் பாடம். 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் உ.வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணியும் வெளிவந்த காலந்தொட்டு, ஏடுகளைத் தேடித் தொகுத்தல், ஒப்பிடல், பாடவேறுபாடு குறித்தல் ஆகியவை தமிழ்ப் பதிப்புத் துறையின் அடிப்படை ஒழுக்கங்களாக நிலைபெற்றன. ஆனால் அதே துறையில் திரைப்பட உரையாடலையோ திரையிசைப் பாடலையோ ஆய்வுப் பொருளாகக் கொள்வோர் ‘மலைக்கள்ளன், 1954’ என்று எழுதுவதோடு நிறைவடைகின்றனர். அவர்கள் பார்த்தது 1954இல் திரையரங்கில் ஓடிய படமா, பிற்காலத்தில் சுருக்கப்பட்ட மறுவெளியீட்டுப் பிரதியா, தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்ட வடிவமா, மலிவு விலை வட்டா என்ற வினா எழுவதே இல்லை. இந்த அலட்சியத்தால் மிகுதியும் இழப்புக்குள்ளாவது கொங்குநாட்டுத் திரைப்பட மரபு.

திரைப்பட வரலாற்றில் கோவையின் இடம் சென்னைக்கு அடுத்ததாகவே பேசப்படுகிறது. எனினும் சாமிக்கண்ணு வின்சென்ட் தம் வெரைட்டி ஹால் அரங்கை 1914இல் நிறுவியது கோவையில்தான். அவ்வரங்கின் பெயரை ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், பின்னர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் எழுந்தன. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் சிவகவி (1943), மூன்று தீபாவளிகளைக் கண்டதாகப் புகழ்பெற்ற ஹரிதாஸ் (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதைத்தலைவராக நடித்த ராஜகுமாரி (1947) ஆகியவை கோவையில் உருவானவை. மலைக்கள்ளனோ நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலிலிருந்து மு. கருணாநிதியின் உரையாடலுடன் பட்சிராஜாவில் எடுக்கப்பட்டுக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். பாபநாசம் சிவனின் இசைப்பாடல்கள், இளங்கோவனின் உரையாடல் நடை, ஏ.எஸ்.ஏ. சாமியின் நாடகத் தமிழ், திராவிட இயக்க உரைநடை ஆகிய அனைத்துக்கும் இப்படங்கள் முதன்மைச் சான்றுகள். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்பதுபோல், இச்சான்றுகளும் பெயரளவில் எஞ்சும் நிலையை நெருங்குகின்றன.

சில படங்கள் பெயரளவில்கூடப் பலருக்குத் தெரியாதவை. முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த ஒரே படமான துக்காராம் (1938) கோவைத் தயாரிப்பு; அதன் பிரதி கிடைக்கவில்லை. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸும் (1931) இல்லை. 1950களின் தொடக்கம்வரை பயன்பாட்டில் இருந்த படச்சுருள் நைட்ரேட் அடிப்படையிலானது. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் வெப்பத்தில் தானே சிதைந்து பிசுபிசுத்து, இறுதியில் பழுப்புத் தூளாகும். ஏடு எடுக்கும்போதே ஒடிந்து உதிர்வதைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தி எழுதியதை அறிந்தவர்களுக்கு இது புதிய காட்சியாக இராது. வெள்ளிக்காகச் சுருள்கள் உருக்கப்பட்டதும் உண்டு. 2003இல் புனேத் திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நேர்ந்த தீவிபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருந்தொகையாக எரிந்தன.

எஞ்சியவை எவ்வாறு ஆய்வாளர் கைக்கு வருகின்றன என்பதே இங்குப் பேசப்பட வேண்டியது. வீடியோ கேசட், விசிடி, டிவிடி என்று மூன்று தலைமுறைகளாக இல்லங்களுக்கு வந்த பழைய படங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பழைய பிரதியிலிருந்து ஒரே முறை எடுக்கப்பட்டவை. எந்தச் சுருள், எத்தனையாவது தலைமுறைப் படி, எங்கு அறுந்திருந்தது என்ற குறிப்பு எந்த உறையிலும் இராது. இரு வட்டுகளில் ஒரு பாடல் சரணம் குறைந்தோ, நகைச்சுவைக் காட்சி சுருங்கியோ இருக்கும். பழைய படச்சட்டத்தின் அகல உயர விகிதம் 1.37க்கு 1. அதனை இன்றைய அகலத் தொலைக்காட்சிக்கு நிரப்பும்போது மேலும் கீழுமாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெட்டுப்படுகிறது. பாகவதர் பாடும்போது அவர் கைகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாத ஒன்று மேலும் ஏமாற்றுவது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. இந்தியா பின்பற்றிய பி.ஏ.எல். தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டங்களைக் கேட்பது. இதனைச் சரிக்கட்டப் படத்தைச் சற்றே விரைவாக ஓட்டிப் பதிவுசெய்வது வழக்கம். விளைவு இரண்டு. முதலாவது நேரம் பற்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படச்சுருள் தட்டுப்பாட்டால் அரசு படங்களின் நீளத்துக்கு விதித்த வரம்பு 11,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் அது 122 நிமிடம். விரைவாக ஓட்டிய வட்டில் அதே படம் 117 நிமிடத்தில் முடியும். ஒரு சட்டமும் வெட்டப்படாத படத்தில் ஐந்து நிமிடம் காணவில்லை என்று ஒருவர் முடிவுகட்டலாம். உண்மையாகவே ஐந்து நிமிடம் வெட்டப்பட்ட படத்தை முழுமையானது என்று இன்னொருவர் கொள்ளலாம். இரண்டாவது விளைவு இசை பற்றியது. ஒலியைத் தனியே திருத்தாவிடில் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை உயர்ந்துவிடும். பாகவதரின் குரல் எல்லையை இத்தகைய வட்டைக் கேட்டு அளப்பவர் அளப்பது தொலைக்காட்சிப் பொறியியலின் பக்க விளைவையே. தமிழிசை ஆய்வில் இது சிறு பிழை ஆகாது.

படத்தின் தொடக்க எழுத்துகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூலுக்குப் பாயிரம் எதுவோ அதுவே படத்துக்குப் பெயர் அட்டைகள். ஆக்கியோன் பெயர், நூற்பெயர், வழி ஆகியவற்றைப் பாயிரம் தருவதுபோல் எழுதியவர், பாடியவர், நிறுவனம், கலைக்கூடம் ஆகியவற்றை அவையே தருகின்றன. ராஜகுமாரியில் கருணாநிதியின் பங்கு எவ்வாறு குறிக்கப்பட்டது, அபிமன்யுவில் (1948) அவர் பெயர் இடம்பெறாமை போன்ற வினாக்கள் இயக்க வரலாற்றோடு தொடர்புடையவை. இவற்றுக்கு விடை தர வேண்டிய அட்டைகள்தாம் வட்டுகளில் முதலில் களையப்படுகின்றன; சுருளின் முதல் சில அடிகள் தேய்ந்திருக்கும் என்பதால் புதிதாகக் கணினி எழுத்தில் தயாரித்து ஒட்டப்படுவதும் உண்டு. அவ்வாறு ஒட்டியதை மூலச்சான்றாகக் காட்டுவது, அச்சகத்தார் சேர்த்த தலைப்பை ஆசிரியர் வாக்காகக் கொள்வதற்கு ஒப்பானது.

ஹாலிவுட் நிலை வேறு. ஆயினும் அதனை மிகையாகப் போற்ற வேண்டியதில்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களுள் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே. அங்கும் கிடங்குகள் எரிந்தன. 1937இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் நியூ ஜெர்சிக் கிடங்கு எரிந்தது அவற்றுள் பெரியது. வேறுபாடு எஞ்சியவற்றைக் கையாண்ட முறையில் உள்ளது. 1984இல் தொடங்கிய கிரைட்டீரியன் வரிசை முதலாக, எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தோம், எவ்வாறு தூய்மை செய்தோம் என்று பதிப்புரை எழுதும் வழக்கம் வட்டு வெளியீட்டில் வேரூன்றியது. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தை எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் தம் படத்தை மாற்றியதைக் கண்டு வெல்ஸ் எழுதிய நீண்ட குறிப்பாணையை அடியொற்றி 1998இல் ஒரு மீளமைப்பு உருவானது. 2008இல் வந்த வட்டுத் தொகுப்போ, திரையரங்க வடிவம், முன்னோட்ட வடிவம், மீளமைப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தந்தது. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே. மாறாக, ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1996இல் மீட்டெடுக்கப்பட்டபோது காலடி ஓசை முதலிய ஒலிகள் புதிதாகப் பதிவுசெய்யப்பட்டன. அறிஞர் பலர் அதனைக் கண்டித்தனர். பிந்தைய வெளியீடுகளில் பழைய ஒற்றைத்தட ஒலியும் இடம்பெற்றது. கண்டிக்கும் வாசகர் கூட்டம் இருந்தமையால் திருத்தம் நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

தமிழில் மீட்டெடுப்பு வணிகமாகவே தொடங்கியது, அதில் தவறில்லை. கர்ணன் (1964) கணினிவழிச் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரையிடப்பட்டு ஈட்டிய வெற்றி, பழைய நெகட்டிவுகளுக்கு மதிப்புண்டு என்பதை உரிமையாளர்களுக்கு உணர்த்தியது. அதனால் சில படங்கள் அழிவிலிருந்து தப்பியிருக்கும். ஆனால் அவ்வலையில் வந்த படங்கள் சில அகலத்திரைக்கும் பல்தட ஒலிக்கும் ‘உயர்த்தப்பட்டு’ வந்தன. பழைய யாப்பை இக்காலத்தவர்க்குப் புரியுமாறு மாற்றி அமைத்துவிட்டு அதனையே மூலநூல் என்று அச்சிட்டால் எந்தத் தமிழ்த்துறையும் வாளாவிராது. திரைப்படத்தில் மட்டும் அம்மாற்றம் பாராட்டப்படுகிறது. மக்களுக்கான வெளியீடு எவ்வடிவிலும் வரலாம். மாற்றப்படாத வடிவம் ஒன்று அதனுடன் பேணப்பட வேண்டும், மாற்றங்கள் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

திரைப்படம் கேளிக்கை; அதற்கு இத்துணை நுட்பம் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்போரின் துறையிலேயே ஆண்டுதோறும் திரைப்பாடல் ஆய்வேடுகள் ஏற்கப்படுகின்றன; ஆய்வுக்குத் தகுதியுடையது பதிப்புக்கும் தகுதியுடையதே. உரிமைச் சிக்கல், செலவு, தொழில்நுட்பம் பற்றிய தடை வலுவானது. ஒரு படத்தை முறையாக மீட்டெடுப்பது ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆனால் மீட்டெடுப்புக்கு முந்தைய பணி, அதாவது சான்றுகளைத் தொகுத்து ஒப்பிடுதல், தமிழ்த்துறையைத் தவிர வேறெவராலும் செம்மையாகச் செய்ய இயலாதது. சுருளில் அறுபட்ட இடத்தில் உரையாடல் எவ்வாறு தொடர்ந்திருக்கும் என்பதைப் பொறியாளர் சொல்ல முடியாது.

சான்றுகளும் இல்லாமல் இல்லை. திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், முழுப் பாடல்கள் ஆகியவற்றைத் தருகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவை திரளாக உள்ளன. தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் அடிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஏட்டுச்சுவடிக்கு ஓலை எண்ணிக்கை எப்படியோ படத்துக்கு அஃது அப்படி. கிராமபோன் தட்டுகள் ஒலிச்சான்று. தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரனின் நூல்களும் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனின் தொகுப்பும் வழிகாட்டுவன. மலைக்கள்ளனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு: அதன் கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகியவற்றிலும் படமானது. இந்தியில் வந்த ‘ஆஸாத்’ (1955) ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கியது. தமிழ்ப் பிரதியில் காட்சி வரிசை ஐயத்துக்குரியதாகும் இடத்தில் இவற்றை உடன்வைத்துப் பார்க்கலாம்.

இச்சான்றுகளைக் கையாள்வதிலும் எச்சரிக்கை தேவை. பாட்டுப் புத்தகம் இறுதித் தொகுப்புக்கு முன்பே அச்சாகியிருக்கலாம். எனவே அதில் உள்ள பாடல் வட்டில் இல்லையெனின் வெட்டப்பட்டது என்று உடனே முடிவுசெய்தல் கூடாது. கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவினது; அதற்கேற்பப் பாடல் சுருக்கிப் பாடப்பட்டிருக்கும். உரையாடலை நினைவிலிருந்து சொல்லும் முதியவர்கள், படத்தில் கேட்டதையும் மேடையில் கேட்டதையும் கலந்து சொல்வர். ஒவ்வொரு சான்றுக்கும் அதற்குரிய எடையை அளிக்கும் பயிற்சி சுவடிப் பதிப்பியலில் ஏற்கெனவே உள்ளது. கருவியைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் இணைந்து, சென்ட்ரல், பட்சிராஜா, மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு ஒரு பிரதி அட்டவணை உருவாக்குதல் முதற்படியாகலாம். எந்தப் படத்துக்கு எந்த வட்டு, எத்தனை நிமிடம், எவ்விகிதம், பெயர் அட்டைகள் பழையனவா புதியனவா, எப்பாடல் குறைகிறது, தணிக்கை அடிக்கணக்கோடு எவ்வளவு வேறுபடுகிறது என்ற விவரங்கள் அதில் அமைய வேண்டும். ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் மூன்று நான்கு படங்களுக்கு இதனைச் செய்து முடிக்கலாம். ஆய்விதழ்களும் திரைப்படக் கட்டுரைகளை ஏற்கும்போது, படத்தின் பெயருக்கும் ஆண்டுக்கும் அருகில் பார்த்த பிரதியின் விவரத்தையும் கேட்டுப் பெறலாம். தொடக்கத்துக்கு ஹரிதாஸே ஏற்றது: படம் கிடைக்கிறது, பாடல்கள் நினைவில் உள்ளன, வெளிவந்ததோ 11,000 அடி வரம்பு நடப்பில் இருந்த ஆண்டில்.