சவரிமுத்து என்று ஒரு பெயர்

போன ஐப்பசியில் என் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. பிரசவம் சுகமாக ஆயிற்று. பெயர் வைப்பதில்தான் சிக்கல் வந்தது!

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், ஆடியில், என் அப்பா காலமானார். அவர் பெயர் சவரிமுத்து. கொள்ளுப்பேரனுக்கு அந்தப் பெயர்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். மகளோ, "வேணாம்மா, ஸ்கூல்ல சவுரிமுடி, சவரக்கத்தின்னு கேலி பண்ணுவாங்க" என்று ஒரே பிடிவாதம். சம்பந்தியம்மாளும், "தலைப்பிள்ளைக்குத் தகப்பன் வழிப் பெயர்தானே முறை?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வழக்கமாகப் பாடுகிறவள், இரண்டு நாள் பாடவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய் இந்தப் பெயரின் கதையைக் கேட்டேன். அவர் புத்தகமே எடுத்துக் கொடுத்துவிட்டார். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது, சகோதரிகளே!

சவேரியார் என்பது ஓர் ஊரின் பெயர். ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் ஹவியேர் என்று ஒரு கோட்டை. அந்தப் பக்கத்துப் பாஸ்க் மொழியில் 'எச்செ' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிது. இரண்டும் சேர்ந்து, தேய்ந்து, ஹவியேர் ஆயிற்று. அர்த்தம் 'புதுவீடு', அவ்வளவுதான்! புனித பிரான்சிஸ் சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி அங்கே பிறந்தார்.

இன்னொன்றைக் கேளுங்கள். அந்தக் கோட்டை அவர் அம்மா மரியாவுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அப்பாவின் குடும்பப் பெயர் ஹாஸோ. ஆக, உலகமே அவரை அழைக்கிற பெயர் தாய்வீட்டுப் பெயர்! 1515இல் அப்பா இறந்தார். மறுவருஷமே போரில் வென்றவர்கள் கோட்டைக் கோபுரங்களை இடித்தார்கள். மிச்சம் நின்ற வீட்டில் அந்த அம்மாள்தான் பிள்ளையை வளர்த்திருக்கிறாள்.

அவர் 1542இல் கோவாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறையில் தமிழில் ஜெபங்களை உருப்போட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதியும் கொடுத்தாராம். 1545 ஏப்ரலில் நம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் எழுதிவிட்டு மயிலாப்பூருக்குப் போனார். 1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனாவை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார். உடல் கோவாவில் இருக்கிறது. 1622இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

போர்த்துகீசியர் 'ஷவியேர்' என்றார்கள். நம் ஜனங்கள் வாய்க்கு அது சவேரி ஆகி, மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்து சவேரியார் ஆயிற்று. அப்புறம் என்ன, சவரிமுத்து, சவரிநாதன், சவரிராயன், சவரியப்பன், சவரியம்மாள் என்று ஊருக்கு ஊர் கொடி படர்ந்தது. இங்கிலீஷ் வழியாக வந்தது சேவியர். தமிழ் ஆராய்ச்சிக்குப் பாடுபட்ட தனிநாயகம் அடிகளாரும் சேவியர்தான். ஸ்பெயினில் இன்றும் வீட்டுக்கு வீடு ஹவியேர் உண்டு, செல்லமாக 'ஹாவி'. அந்நாட்டின் கத்தலான் பகுதியில் அதையே 'சாவி' என்பார்களாம். பந்து விளையாட்டில் பேர் வாங்கிய ஒரு சாவியை என் சின்ன மகனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த சாவி முந்தானையில் முடிந்திருப்பதுதான்!

மாயவரத்தில் முன்சீபாக இருந்தாரே, 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, அவர் இனிஷியல் 'ச'. அது அவர் தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளையைக் குறிக்கிறது. பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். இதைச் சொன்னதும் மகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு ஒரு கவலை, பிறப்புப் பதிவு தள்ளிப்போகிறதே என்று. அவசரப்படத் தேவையில்லை. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்ச் சண்டை நடக்கும் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்!

தாய்வீட்டுக் கோட்டைக் கதையைச் சம்பந்தியம்மாளிடம் நான்தான் பயந்து பயந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்க ஆத்தா பேரை எம் பிள்ளைங்க யாருக்குமே வைக்க விடலை" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே மாப்பிள்ளையிடம், "சேவியர்னு எழுதிக்கப்பா. கோயில் புத்தகத்திலே சவரிமுத்துன்னே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மகளுக்கு இன்னும் அரை மனசுதான். 'சேவி' என்று கூப்பிடுகிறாள். அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டு, "டேய் சவரி, தூங்குடா" என்கிறாள். முப்பத்தொன்பது வருஷம் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள்!