சேற்றுப்புண்ணும் சர்க்கரையும்

நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களில் விடியற்காலை ஈரத்தில் நின்று மலர் பறிப்போருக்கும், திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளில் நீரில் நின்று உழைப்போருக்கும் சேற்றுப்புண் புதிதன்று. விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து அரிக்கும். உடலில் வலுவுள்ளவருக்கு அது சிறு தொல்லையே. நீரிழிவு உள்ளவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்பவர் ஆகியோரிடமோ அது எளிதில் ஆறாது; அவ்வழியே கிருமிகள் புகுந்து கால் முழுவதும் வீங்கக்கூடும்.

காண்டிடா என்னும் பூஞ்சை நம்முள் பலருடைய வாயிலும் குடலிலும் ஓசையின்றிக் குடியிருக்கிறது. எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் அக்குள், மார்பின் அடி, தொடையிடுக்கு முதலிய ஈர மடிப்புகளில் சிவந்த புண்ணாகப் பெருகுகிறது. அடிக்கடி இவ்வாறு வருமாயின் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். நீரிழிவைத் தோலே முதலில் அறிவிப்பதும் உண்டு.

'அரிப்புக்கு ஒரு களிம்பு' என மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கமே எனக்குக் கவலை தருகிறது. அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். தோலின் காவலும் உடன் அடங்குவதால் பூஞ்சை மறைவாகப் பரவும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் நடுவண் அரசு விதித்தும் பழக்கம் ஓயவில்லை. 2021-இல் கரும்பூஞ்சை பெரிதும் தாக்கியதும், சர்க்கரை மிகுந்து, கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பெற்றவர்களையே அன்றோ?

வீட்டு முதியவரின் விரலிடுக்கை நாள்தோறும் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வீக்கமோ சீழோ கண்டால், வலியில்லையே என்று இராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவால் மரத்த காலுக்கு வலி தெரியாது.