மலைப்பாதையும் பயிற்சிக் கூடமும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் எழுதுவது இலக்கியமாகவே இருக்கும் என்று அன்பர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், பழைய மாணவரிடையே இன்று எழுந்துள்ள வினா ஒன்று யானும் விடை கூறவேண்டியதாக உளது. விழா நினைவாகக் கல்லூரியில் உடற்பயிற்சிக் கூடம் அமைத்து, ஓட்டப் பொறிகள் வாங்குவதா? அன்றி, மாணவர் வெளியிலே ஓடுதற்கு வேண்டுவன செய்வதா?

கூடத்தின் பயனை யான் மறுப்பவனல்லன். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்தெம்பர் வரை நம் மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. வளைவுகள் மலிந்த ஹற்றன் வீதியில், பனிமூட்டத்தினூடே ஓடுதல் அறிவுடைமையாகாது. தனிவழியில் ஓடத் தயங்கும் பெண் பிள்ளைகளுக்குக் கூடம் ஓர் அரண். பளுதூக்கித் தசையை வலுப்படுத்தவும் அதுவே ஏற்ற இடம்.

எனினும், பொறியில் எதிர்காற்று இல்லை. அக்குறையை ஈடுசெய்யவே அதனை நூற்றுக்கு ஒரு பங்கு சாய்த்து ஓடுவர். நம் தோட்டப் பாதையிலோ காற்றும் உண்டு. ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஏறுகையில் நெஞ்சும் கெண்டைக்காலும் உழைக்கின்றன. இறங்குகையில் தொடைத் தசைகள் உடலைத் தாங்கிப் பழகுகின்றன. கல்லும் வேரும் பாதத்துக்குச் சமநிலை கற்பிக்கின்றன.

மேலும், நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே வளியமுக்கம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. குறைந்த பிராணவாயுவைக் கொண்டு உழைக்க உடல் பழகுகின்றது. 1968 இல், 2,240 மீற்றர் உயரமுள்ள மெக்சிக்கோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியை நினைவு கூர்க. 1,500 மீற்றரில் கென்யாவின் கிப்சோகே கெய்னோவும், 10,000 மீற்றரில் அந்நாட்டு நப்தாலி தெமுவும், மரதனில் எதியோப்பியாவின் மாமோ வொல்தேயும் வென்றனர். மூவரும் உயர்நிலத்து மக்கள். கெய்னோ பிறந்த நாந்திப் பகுதியோ தேயிலைக்குப் பெயர்பெற்ற மலைநாடு! உயரம் மட்டுமே வீரனை ஆக்கிவிடாது. பயிற்சியும் வழிகாட்டலும் வேண்டும் என்பது உண்மையே. அவற்றை அளிப்பதன்றோ கல்லூரியின் கடமை?

“தாய் நாள்தோறும் கொழுந்துக் கூடையுடன் மலையேறுகிறாள், பிள்ளைக்கு வேறு ஓட்டம் எதற்கு?” என்பாரும் உளர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கூடை சுமக்கும் உடல் பிறர் குறித்த நிறைக்காகத் தேய்கின்றது. ஓடும் உடல் தனக்காக வளர்கின்றது. தலைமுறை தலைமுறையாகப் பிறர்பொருட்டு இம்மலைகளில் ஏறியிறங்கிய சமூகத்தின் பிள்ளை, ஒரு காலைப்பொழுதாயினும் தன்பொருட்டு ஏறட்டும்.

ஆதலின், முதற்பணம் மைதானத்தைச் செப்பனிடவும், காலணி இல்லாதார்க்குக் காலணி வாங்கவும், தேர்ந்த பயிற்றுநர் ஒருவரை அமர்த்தவும் செல்க. தோட்ட நிருவாகத்தாரின் இசைவுடன், வாகனம் செல்லாத பாதையொன்றைக் குறித்து, பெண் பிள்ளைகளும் அச்சமின்றி ஓட ஆசிரியர் துணை செல்லட்டும். எஞ்சிய பணத்தில், மழை நாளுக்கென ஓர் அறை, சில பாய்கள், கயிறுகள், பளுக்கள் போதும். பழுதானால் திருத்துவாரின்றித் துருவேறும் பொறிகள் பிறகு வரலாம்.

பழைய மாணவ நண்பர்களே! விழாவுக்கு வரும்போது காலணியும் கொண்டு வருக. மாணவரோடு மலைப்பாதையில் ஒருமுறை ஓடிப் பார்த்தபின் முடிவு செய்வோம். கடைசியாக வந்து சேர்பவன் யானாகவே இருப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.