மூன்றரை விழுக்காடு யாருக்காக?

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் மேடைகளில் ஒரு முழக்கம் தவறாமல் ஒலிக்கிறது: முஸ்லிம்களுக்கான இட ஒதுக்கீட்டை 5 விழுக்காடாக உயர்த்த வேண்டும். கோரிக்கை நியாயமானது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2007-இல் சட்டமாகி இன்றளவும் நம் கையில் இருக்கிற 3.5 விழுக்காட்டை என்ன செய்தோம் என்று ஓசூரிலோ, தேன்கனிக்கோட்டையிலோ, காவேரிப்பட்டணத்திலோ எந்த மேடையும் கேட்பதில்லை. கேட்டால் கைத்தட்டல் கிடைக்காது என்பது பேசுவோருக்குத் தெரியும்.

2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை தமிழகத்தின் நிலையையும் பதிவு செய்தது. மக்கள்தொகையில் 5.6 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள், மாநில அரசுப் பணிகளில் 3.2 விழுக்காடு மட்டுமே இருந்தனர். மறு ஆண்டு தனி ஒதுக்கீடு வந்தது. கிறித்தவர்களுக்கும் அதே அளவு வழங்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் பொதுப் பட்டியலில் இருப்பதே தங்களுக்கு மேல் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2008-இலேயே தனி ஒதுக்கீட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்த சமுதாயம். நாமோ கிடைத்ததற்கு நன்றிக் கூட்டம் நடத்தினோம், அதோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தக் கணக்கை இப்போதாவது போடுவோம். அரசுப் பணி நியமனத்தில் 200 இடங்களைக் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் 7 இடங்கள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உரியவை. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935. வெறும் விழுக்காட்டுக் கணக்கில் பார்த்தாலே நம் பங்கு 137-ஐத் தொடுகிறது. இது நமக்கு இடப்பட்ட எல்லைக்கோடும் அன்று. மீதமுள்ள 31 விழுக்காடு பொதுப்பிரிவு எல்லோருக்கும் திறந்தது. மதிப்பெண் பெற்ற முஸ்லிம் மாணவன் அதிலும் நுழையலாம், அப்போது அவன் நம் ஒதுக்கீட்டில் ஓர் இடத்தையும் குறைப்பதில்லை. இந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி.

இதைச் சொன்னால் நம் பகுதியில் முதலில் வரும் பதில், "சிப்காட் இருக்கிறதே" என்பது. ஆம், இருக்கிறது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகி ஓசூரை மாற்றிவிட்டன. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொம்மசந்திராவும் எலெக்ட்ரானிக் சிட்டியும். பதினெட்டு வயதில் கையில் சம்பளம் வருகிறது. வீட்டுக்கு அது தேவையாகவும் இருக்கிறது. உழைத்து உண்ணும் எந்த வேலையையும் நாம் இழித்துப் பேச மாட்டோம். ஆனால் அந்த வாசல்களில் நிற்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிறுவனத்தின் பணியாளர்களாக அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆட்களாக நிற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிவார்கள். பயிற்சி என்றும் ஒப்பந்தம் என்றும் பெயர் மாறி மாறி வருகிறது, நிரந்தரம் வருவதில்லை. முப்பது வயதைக் கடந்தவனை ஒப்பந்தக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் அவனுக்கு மனைவியும் மக்களும் வந்துவிடுகிறார்கள், அரசுத் தேர்வு எழுதும் வயதும் நழுவத் தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலைக்குப் போகட்டும், போய்க்கொண்டே படிக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த பதில் இன்னும் பழையது: "நமக்கெல்லாம் தர மாட்டார்கள்." இந்தச் சொல்லை நம் பெரியவர்கள் கசப்பான அனுபவத்தில்தான் சொன்னார்கள் என்பதை ஏற்கிறோம். ஆனால் கட்டத்தைக் கறுப்பாக்கும் விடைத்தாளைத் திருத்தும் இயந்திரம் அப்துல்லாவையும் ஆறுமுகத்தையும் பிரித்தறிவதில்லை. ஐயப்பட வேண்டிய இடம் வேறு. கிராம உதவியாளர், நியாயவிலைக் கடை விற்பனையாளர், சத்துணவு மையப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் என மாவட்ட அளவில் நடக்கும் நியமனங்களில் நேர்காணலுக்கும் பரிந்துரைக்கும் இடம் இருக்கிறது. அங்கே தவறு நடக்கிறது என்று நினைத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து நம் கையில் இருக்கிறது. எத்தனை இடம் நிரப்பப்பட்டது, இனச்சுழற்சியில் நம் முறை எப்போது வந்தது, யார் நியமிக்கப்பட்டார் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். நம் ஜமாஅத் அலுவலகங்களிலிருந்து இப்படி எத்தனை மனுக்கள் போயிருக்கின்றன? விண்ணப்பிக்காதவனுக்கு மறுத்தார்கள் என்று புலம்பும் உரிமை கிடையாது.

இனி நம் எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இங்கே நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தக்னி உருது. தெலுங்கும் கன்னடமும் தெருவில் வரும். தமிழைப் பேசுவோம், எழுதுவதில்தான் தடுமாற்றம். தமிழ் கற்பித்தல் சட்டம் 2006-இல் வந்து, 2016-இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மை மாணவர்கள் தமிழ்த் தாளிலிருந்து விலக்குக் கேட்டு உயர் நீதிமன்றம் சென்றார்கள். உச்ச நீதிமன்றம் 2023-இல் மீண்டும் ஓராண்டு நீட்டித்தது. தமிழாசிரியரை அனுப்பாமலே தமிழ்த் தேர்வு எழுது என்பது கொடுமை. அதற்கு எதிரான வழக்கில் நியாயம் இருந்தது. ஆனால் விலக்குப் பெற்ற அந்தப் பிள்ளையின் அடுத்த பத்தாண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 2021 டிசம்பரில் வந்த அரசாணை தேர்வாணையத்தின் எல்லாத் தேர்வுகளிலும் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியது. முன்பு தமிழ் அறியாதவர் பணியில் சேர்ந்தபின் இரண்டாண்டுக்குள் மொழித்தேர்வில் தேறினால் போதும் என்ற வழி இருந்தது. இப்போது வாசலிலேயே தேர்வு. குரூப் 4-இல் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு. அதில் 60 எடுக்காதவரின் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனத் தேர்விலும் 50-க்கு 20 எடுத்தாக வேண்டும். பத்தாம் வகுப்பில் நாம் போராடிப் பெற்ற விலக்கு, இருபது வயதில் நம் பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிறது.

உருதுவை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உருதுவைக் காக்கும் வழி தமிழை விலக்குவது என்ற எண்ணத்தைத்தான் எதிர்க்கிறோம். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரைத் திங்களில் அவர் அதைக் கற்றுத் தேறினார். மடல் எழுதவும் படிக்கவும் அது தேவையாக இருந்தது, அவ்வளவே. நமக்குத் தமிழ் அயல்மொழியும் அன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் மார்க்கமே தமிழில்தான் பல நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. மாலை நேர மத்ரஸாவில் அலிஃப் பா சொல்லிக்கொடுத்த பிறகு, அதே பாயில் அரைமணி நேரம் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தால் எந்த ஃபர்ளும் விட்டுப்போகாது.

உருது பேசாத நம் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படித்துவிட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் சட்டமாக இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டும் தந்தை கடன் வாங்கி, பெயர்ப்பலகையில் மட்டும் ஆங்கிலம் உள்ள பள்ளியில் கட்டணம் கட்டுகிறார். பிள்ளைக்கு ஆங்கிலமும் வருவதில்லை, தமிழ்வழி முன்னுரிமையும் போய்விடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் போகிறது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

சான்றிதழ் என்ற சின்ன விஷயத்தில் நம்மவர் தோற்பது வேதனை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்று எழுதி வாங்கி வைத்துவிட்டு, விண்ணப்பிக்கும் கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவது நம் வழக்கமாகிவிட்டது. எல்லையில் இன்னொன்றும் உண்டு. ஆனேக்கல்லிலிருந்தும் மாலூரிலிருந்தும் மருமகள்களைக் கொண்டுவருகிறோம். அவர்கள் கையில் இருப்பது கர்நாடகத்தின் 2பி சான்றிதழ். அது இங்கே செல்லாது; தமிழகத் தேர்வில் அவர்கள் பொதுப்பிரிவினராகவே கருதப்படுவார்கள். பிள்ளைகளுக்குத் தந்தையின் வழியில் சான்று கிடைக்கும். நிகாஹ் பதிவேட்டில் கையெழுத்திடும்போதே இதைச் சொல்லி வைக்க ஒருவர் வேண்டாமா?

பெண்களைப் பற்றிப் பேசும்போது நம் மஹல்லாக்களில் ஒரு வினோதம் காண்கிறோம். இரவுப் பணிக்குச் செல்லும் நிறுவனப் பேருந்தில் மகள் ஏறுவதை வறுமை அனுமதித்துவிட்டது. அதே மகள் கிருஷ்ணகிரியில் பகலில் தேர்வு எழுதப் போவதற்கு மட்டும் துணை, மரியாதை, ஊர்ப்பேச்சு என்று ஆயிரம் தடை. அங்கன்வாடி, சத்துணவு மையம் போன்ற பணிகளுக்கு அதே பகுதியில் வசிப்பவராக இருப்பதே தகுதி. வீட்டிலிருந்து நடந்து போய் வரும் வேலை. தேர்வாணையப் பணிகளில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, அதற்குள் ஆதரவற்ற விதவையருக்கு ஒரு பங்கும் உண்டு. இத்தாவில் அமர்ந்த பெண்ணுக்கு ஜகாத் அரிசி அனுப்புவது நம் கடமை. அதே பெண்ணுக்கு இத்தா முடிந்த பிறகு விண்ணப்பப் படிவத்தை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்?

குற்றம் முழுவதும் நம்முடையது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அரசு ஒரு கையால் ஒதுக்கீட்டைத் தந்து, மறு கையால் நிரந்தரப் பணியிடங்களையே குறைத்து வருகிறது. 2022-இல் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் கீழ்நிலைப் பணிகளை வெளிமுகமை மூலம் நடத்த வழிவகுத்தது. 2019-இல் மாநகராட்சியான ஓசூர் அதற்கு விலக்கன்று. அதே ஆண்டு அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முனைந்தார்கள். முகமைக்காரரும் தற்காலிக நியமனமும் எந்த இனச்சுழற்சியையும் பார்ப்பதில்லை. இடமே இல்லாத இடத்தில் 3.5 என்றாலும் 5 என்றாலும் ஒன்றுதான். உருதுப் பள்ளிகளில் இன்னொரு கொடுமை: உருது ஆசிரியர் பணியிடம் சுழற்சியில் உருது அறிந்தோர் இல்லாத பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த வகுப்பு ஆண்டுக்கணக்கில் ஆசிரியரின்றிக் கிடக்கும். பட்டியலின மக்களின் உரிமையைக் குறைக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டு. வேறு பாடப் பணியிடத்தோடு அந்தச் சுழற்சி எண்ணை மாற்றிக்கொண்டால் போதும். ஒதுக்கீட்டை உயர்த்து என்று முழங்கும் நம் தலைவர்கள் இந்த மூன்று கோரிக்கைகளையும் சட்டமன்றத்தில் விடாது எழுப்பட்டும்.

தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். "இத்தனை லட்சம் கொடுத்தால் வேலை" என்று பள்ளிவாசல் வாசலிலேயே பேரம் பேசுகிறார்கள். மகளின் நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒருசேரச் சபித்தார்கள் என்பதை அறியாத இமாம் இல்லை. வட்டியைப் பற்றி மிம்பரில் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே நம் குறை. யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து வந்து அரசரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் காக்கும் திறனையும் அறிவையும்தான் முன்வைத்தார்கள். பரிந்துரைக் கடிதம் கொண்டு போகவில்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. தேர்வாணையம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்பே தேர்வு அட்டவணையை வெளியிடுகிறது. அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாளும் பசையும் போதும். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். சென்னை அண்ணா சாலை மக்கா மஸ்ஜித் ஆட்சிப்பணித் தேர்வுக்கே பயிற்சியகம் நடத்தி வழிகாட்டியிருக்கிறது. நம்மிடம் திருமண மண்டபங்கள் இருக்கின்றன. ஆண்டில் பாதி நாள் அவை பூட்டிக் கிடக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வாரம் ஒருநாள் பத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பிவைக்கும் பேருந்துக் கட்டணத்தை இந்த ரபீவுல் அவ்வல் மாதக் கந்தூரிச் செலவிலிருந்து ஒதுக்க எந்த ஜமாஅத் முன்வருகிறது?