நாய்க்கு நீர்க்கடுப்பு: ஊசிக்கு முன் சோதனை வேண்டும்

தோட்டத்துக்குக் காவல், ஆட்டுப்பட்டிக்குத் துணை, இரவில் காட்டுப்பன்றி வந்தால் முதல் குரல் கொடுப்பது, இத்தனையும் நாய்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பேர்பெற்ற இனமானாலும் சரி, ஊரில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த சாதாரண நாயானாலும் சரி, சிறு விவசாயிக்கு அது சம்பளம் வாங்காத காவலாள். ஆனால் மாட்டுக்கு நோய் என்றால் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறவர்கள், நாய்க்கு நோய் என்றால் மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறார்கள். வயதான நாய் அடிக்கடி சிறுநீர் கழித்தால், மாட்டுக்கு வாங்கி மீதமிருந்த ஊசி மருந்தோ, வீட்டில் ஒருவருக்கு வாங்கி எஞ்சிய மாத்திரையோ அதற்குப் போய்ச் சேர்கிறது.

இந்தப் பழக்கம் நாயைக் காப்பதில்லை. சிறுநீரகம் பழுதான நாய்க்கு இது இரட்டைக் கேடு. ஒருபுறம் மருந்தே மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்; மறுபுறம் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். எனவே சிறுநீர்ச் சோதனை முதலில், ஆன்டிபயாடிக் மருந்து பிறகு என்ற ஒழுங்கு கிராமத்துக்கும் வந்தாக வேண்டும்.

நீர்த்த சிறுநீரில் கிருமி

ரத்தத்திலுள்ள கழிவை வடித்து வெளியேற்றுவதும், உடம்புக்கு வேண்டிய தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் சிறுநீரகத்தின் வேலைகள். ஆரோக்கியமான நாயின் சிறுநீர் பொதுவாக மஞ்சளாகவும் நெடியுடனும் அடர்த்தியாகவும் இருப்பது இதனால்தான். அந்த அடர்த்தியே கிருமிகள் பெருகுவதற்கு ஒரு தடையாகும்.

வயதாலோ நோயாலோ விஷத்தாலோ சிறுநீரகம் பழுதாகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சக்தி குறைகிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகே இது வெளியே தெரிகிறது. நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும். நிறையச் சிறுநீர் போகும். அது தண்ணீர் போல வெளுத்திருக்கும். முக்கால் பங்கு கெட்ட பிறகு ரத்தத்தில் கழிவு தேங்குகிறது. தீனி எடுக்காமை, வாந்தி, வாய்நாற்றம், மெலிவு எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன.

சிறுநீர் நீர்த்துப்போனால் கிருமிக்கு இருந்த தடையும் போய்விடுகிறது. குடலிலும் சாணத்திலும் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை என்ற கிருமியே பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாக ஏறி நீர்ப்பையில் தங்குகிறது. பெட்டை நாய்களுக்குப் பாதை குட்டையானதால் இது எளிதில் நேர்கிறது. நீர்ப்பையிலிருந்து கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால், ஏற்கெனவே நொந்த உறுப்பு மேலும் நொந்துபோகும்.

எல்லாம் நீர்க்கடுப்பு அல்ல

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. அடிக்கடி சிறுநீர் போனாலே கிருமி என்று எண்ணிவிடுகிறார்கள். சிரமமில்லாமல், நிறைய அளவில், வெளுத்த சிறுநீர் போனால் அது சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை வியாதி, பெட்டை நாயின் கருப்பையில் சீழ் பிடித்தல் போன்ற வேறு நோயாகவும் இருக்கலாம். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து வருவது, போன இடத்தை அடிக்கடி நக்குவது ஆகியவையே நீர்ப்பை அழற்சியின் அடையாளங்கள். அதிலும் நீர்ப்பையில் கல் இருந்தால் இதே அடையாளங்கள் தோன்றும். ஆண் நாய் முக்கியும் சொட்டுக்கூட வராமல் போனால் அது அவசர நிலை. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே என்று தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடுவது இன்னொரு தவறு. பழுதான சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்காது. தண்ணீர் கிடைக்காவிட்டால் நாயின் நிலைமை இரண்டொரு நாளில் மோசமாகிவிடும். நல்ல தண்ணீர் இரவும் பகலும் அதன் எதிரில் இருக்க வேண்டும்.

அடையாளம் எதுவும் இல்லாத நாயின் சிறுநீரிலும் சில சமயம் கிருமி காணப்படும். முன்பெல்லாம் இதற்கும் மருந்து கொடுத்தார்கள். ஆனால் நாய், பூனைகளின் தொற்று நோய்களுக்கான சர்வதேச நிபுணர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, நோய்க்குறி இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் பொதுவாக ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. மருந்து கொடுப்பதால் அங்கே நாய்க்குக் கிடைக்கும் லாபம் சிறிது. கிருமி பழகிக்கொள்ளும் ஆபத்தோ பெரிது.

காய்ப்புழு தந்த பாடம்

மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்ளும் என்பது பருத்தி விவசாயிக்குப் புதிய செய்தி அல்ல. பைரித்திராய்டு மருந்துகள் வந்த புதிதில் பச்சைக் காய்ப்புழு ஒரே தெளிப்பில் விழுந்தது. திரும்பத் திரும்பத் தெளித்ததில், மருந்துக்குத் தப்பிய புழுக்களே இனம் பெருக்கின. 1987-88 பருவத்தில் ஆந்திரத்தின் பருத்திக் காடுகளை அந்தப் புழு சூறையாடியபோது மருந்து எதிர்ப்பும் அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. எத்தனை தடவை தெளித்தும் பலன் குறைவாகவே இருந்தது.

கிருமியின் கதையும் அதேதான். வேகம் மட்டும் அதிகம். ஒரு கிருமி அரை மணிக்குள் இரண்டாகிவிடும். அரைகுறை அளவில் மருந்து போனால் பலவீனமான கிருமி சாகும், வலுவானது மிஞ்சும். சில கிருமிகள் மருந்தையே சிதைக்கும் பொருளைச் சுரக்கின்றன. அந்தத் திறமையைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

நாயின் கிருமி நாயோடு நிற்பதில்லை. ஒரே வீட்டில் வாழும் மனிதரிடமும் நாயிடமும் ஒரே வகை ஈ.கோலை காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாய் படுக்கும் திண்ணையில்தான் குழந்தை தவழ்கிறது. நாய் நக்கிய கையால்தான் பால் கறக்கப்படுகிறது. நாயிடம் உருவான அடங்காத கிருமி, பிறகு பாட்டியின் நீர்க்கடுப்புக்கும் மருந்தில்லாமல் செய்யக்கூடும்.

மருந்தே விஷமாகலாம்

சிறுநீரக நோயுள்ள நாய்க்கு மருந்துத் தேர்வு மிக நுட்பமானது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஜென்டாமைசின் ஊசியைப் போடுவதுண்டு. அது சிறுநீரகத்தையே நேரடியாகத் தாக்கக்கூடிய மருந்து. வேறு சில மருந்துகள் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டியவை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அவை உடம்பில் தேங்கி விஷமாகும். இன்னும் சில, பழுதான சிறுநீரகத்தைக் கடந்து நீர்ப்பைக்குப் போதிய அளவில் போய்ச் சேராது. எனவே மருந்து எது, அளவு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும்.

வலிக்கென்று டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுப்பதும் கூடாது. இவை நாயின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுப்பவை. கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றின் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியதால், கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவது இந்தியாவில் 2006-லேயே தடைசெய்யப்பட்டது. திராட்சையும் உலர்திராட்சையும்கூட நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் உதிர்ந்த பழத்தை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சோதனை எப்படி நடக்கிறது?

மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் இடுவது போன்றதுதான் இதுவும். மருத்துவர் நாயின் அடிவயிற்றில் மெல்லிய ஊசி செலுத்தி நீர்ப்பையிலிருந்து நேராகச் சிறுநீரை எடுக்கிறார். பழகிய கைக்கு இது நொடி நேர வேலை. தரையில் விழுந்ததைப் பிடித்துக் கொடுத்தால் மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்து வளர்ந்து கணக்கு தவறிவிடும். எடுத்த சிறுநீரை உடனே சோதிக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் அதைத் தட்டில் இட்டுக் கிருமியை வளர்க்கிறார்கள். வளர்ந்த கிருமியின் மீது பல மருந்து வில்லைகளை வைக்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த மருந்து பலிக்கக்கூடியது. முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். ஒரு வேளை மருந்து கொடுத்த பிறகு சிறுநீர் எடுத்தாலும் முடிவு பிசகலாம். ஆகவே முன்பு ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

சாதாரண நீர்ப்பை அழற்சிக்கு 3 முதல் 5 நாள், சிறுநீரகத்துக்கே ஏறிய தொற்றுக்கு 10 முதல் 14 நாள் என்று 2019 வழிகாட்டி கூறுகிறது. மருத்துவர் சொன்ன நாளுக்கு மேலும் வேண்டாம், குறைவும் வேண்டாம். மிச்சம் இருந்தால் அடுத்த நாய்க்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு

காய்ச்சல், வாந்தி, சோர்வு, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் தென்பட்டால் சோதனை முடிவுக்காக நாள் கடத்தக் கூடாது. அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலிலும் களத்திலும் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் இந்த நோய் நாயின் சிறுநீரகத்தைச் சில நாளில் முடக்கும். நாயின் சிறுநீர் பட்டு மனிதருக்கும் மாட்டுக்கும் தொற்றும். இதற்கு மருத்துவர் சிறுநீரும் ரத்தமும் எடுத்துக்கொண்டு அப்போதே மருந்து தொடங்குவார். அந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் தொடக் கூடாது. கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி இதற்கு நல்ல காப்பு.

அரசின் கடமை

மூன்று நாள் காத்திருக்கவும் சோதனைக்குச் செலவழிக்கவும் ஒரு நாய்க்காக எந்தச் சிறு விவசாயி முன்வருவான் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பலிக்காத ஊசிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் காசும் காசுதான். குற்றம் விவசாயியின் மேல் மட்டும் இல்லை. சோதனை வசதி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதே உண்மை. வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் பேருந்தில் போவது நடக்கிற காரியமா?

நாய் போக வேண்டியதில்லை. சிறுநீர்ப் புட்டி போனால் போதும். உறைவிந்தையும் திரவ நைட்ரஜனையும் கிராம மருந்தகம் வரை கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த துறைக்கு, ஒரு சிறு குளிர்பெட்டியை ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்புவது பெரிய வேலை அல்ல. முடிவைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். அதே பெட்டியில் மடிநோய் கண்ட பசுவின் பாலும் போகலாம். விவசாயிக்கு இரட்டை லாபம்.

கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. ஆன்டிபயாடிக் அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று 2016 முதல் அரசே விளம்பரம் செய்து வருகிறது. கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டின் மருந்துக்கு 2019-ல் தடை வந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அது கடை மேசைக்கு இறங்கி வர வேண்டும்.

அதுவரை விவசாயிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு, கையில் மீந்த மருந்தைத் தொடாமல், நாயை மருந்தகத்துக்கு நடத்திச் செல்ல வேண்டும். ஊசி போடச் சொல்லிக் கேட்பதற்கு முன், சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பலர் கேட்டால்தான் வசதியும் வரும்.