ஆவிதானே என்னும் அலட்சியம்



“ஹஜ்ரத், இது புகையன்று, வெறும் ஆவி, நிகோடினும் இல்லை. இதற்கு மார்க்கத்தில் தடை எங்கே?” மின்சிகரெட் பிடிக்கும் இளைஞர்கள் இவ்வாறு வாதிடுகின்றனர். மகனின் சட்டையில் சிகரெட் நாற்றம் இல்லை, மாம்பழ வாசனைதான் வருகிறது என்று பெற்றோர் சிலரும் நிம்மதி கொள்கின்றனர். இந்த நிம்மதிதான் அச்சம் தருகிறது.

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர் பிற உறுப்புகளில் உள்ளதைப் போன்றதன்று. அதன் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, வேண்டிய குளுக்கோஸை அதற்கென்றே அமைந்த வாயில் வழியே உள்ளே விடுகின்றன. இரத்தத்தில் வரும் நச்சுகளையும் கிருமிகளையும் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்துகின்றன. இதனை இரத்த-மூளைத் தடுப்பு என்பர். நிகோடின் இத்தடுப்பை எளிதில் கடந்து, சில நொடிகளில் மூளையை எட்டிவிடும். அது இல்லாத ஆவியோ?

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை நெடுநாள் இவ்வாவியைச் சுவாசிக்கச் செய்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். நிகோடின் சிறிதும் கலவாத ஆவியைச் சுவாசித்த எலிகளிலும், செல்களைப் பிணைக்கும் ஒக்லுடின் என்னும் புரதம் குறைந்திருந்தது. குளுக்கோஸைக் கடத்தும் புரதமும் குறைந்திருந்தது. “எலிதானே!” என்பார்கள். மனிதருக்கும் அதே அளவு சேதம் நேரும் என்று அவ்வாய்வு நிறுவவில்லை, உண்மை. ஆயினும் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? திரவம் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகும் ஆவியை உள்ளிழுப்பவரா, வேண்டாம் என்று தடுப்பவரா?

சிகரெட்டை விடத் தீங்கு குறைவு என்போரும் உளர். பல்லாண்டு புகைத்தவர் அதனை மருத்துவரிடம் பேசட்டும். சிகரெட்டையே தொட்டிராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வாதம் எவ்வாறு பொருந்தும்? அவனது மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை. அறிவைக் காப்பதை ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்தார்கள். போதை ஏறினால்தான் அறிவுக்குக் கேடு என்று நாமாக ஏன் சுருக்கிக்கொள்ள வேண்டும்?

விற்போருக்கும் ஒரு சொல். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துள்ளது. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளின் மூளையைப் பணயம் வைத்து, சட்டத்துக்கு மறைத்து ஈட்டும் காசை எந்த முகத்தோடு ஹலால் என்பீர்கள்? பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும் ஜமாஅத் நிர்வாகிகள், இப்பொருள் அங்கு விற்கப்படலாகாது என்று அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.