டாக்டர் மட்டும்தான் மருத்துவமா?

பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "நீட் எழுதப் போறியா?" என்பதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழகம் 2020இல் தந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பல ஏழை வீடுகளில் மருத்துவரை உருவாக்குகிறது. அது பெரும் நன்மை. ஆனால், எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் தோற்றவர்கள் அல்லர். ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வக நுட்பநர், டயாலிசிஸ் கருவியை இயக்குபவர், எக்ஸ்ரே எடுப்பவர், பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் பெரிய மருத்துவமனை எதுவும் இயங்காது. இத்தகைய படிப்புகளையும் பணிகளையும் முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஆசிரியர்களே, பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மாணவர்களை ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நடக்கும் எல்லா வேலைகளையும் பார்த்தபின் அவர்களே பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கட்டும்.